தீபாவளி முதல் தைப்பூசம் வரை: பலகாரம், விரதம், சத்து மாத்திரை குறித்த முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் தீபாவளி, அதை ஒட்டியே கந்தசஷ்டி விரதம், கார்த்திகையில் மாலை போடுதல், தையில் பொங்கலும் பட்டிப் பொங்கலும், பிறகு பழனிக்குப் பாதயாத்திரை என்று கொங்கு நாட்டில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் விருந்தும் விரதமும் மாறி மாறி வருகின்றன. மருந்துக்கடை முகப்பில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் நான் கண்டது, பெரும்பாலோர் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே. நோம்பி (பண்டிகை) முடிந்து உடம்பு சோர்ந்த பிறகு சத்து மாத்திரை வாங்குகிறார்கள். பத்து நாள் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகளோடு புதியது ஒத்துப்போகுமா என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

பரிசோதனை, மாத்திரைப் பட்டியல், சமையலறை ஆகியவற்றைக் கவனித்த பிறகே சத்து மாத்திரைக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. கர்ப்பிணிகளும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களும் எந்தப் படியையும் தம் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தினசரி நாள்காட்டி, வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஒரு தேக்கரண்டி ஆகியவை போதும். சர்க்கரைநோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரும், அதற்கான காலாவதியாகாத சோதனைப் பட்டைகளும் இருக்க வேண்டும். பட்டை தீர்ந்துவிட்டதைத் தீபாவளியன்று காலையில், கடைகள் மூடியிருக்கும்போது கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

நாள்காட்டியில் உண்மையான விருந்து நாள்களை மட்டும் வட்டமிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு, கார்த்திகைத் தீபத்திற்கு ஒன்று, பொங்கலை ஒட்டி மூன்று அல்லது நான்கு, இடையில் ஓரிரு கல்யாணங்கள் என எண்ணினால் பதினைந்தைத் தாண்டுவது அரிது. மூன்று மாதத்தில் மீதி எழுபத்தைந்து நாள்கள் சாதாரண நாள்கள். எடையும் சர்க்கரையும் கூடுவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். தூக்குப்போசியில் மீந்த முறுக்கும் அதிரசமும் மாலைக் காப்பியோடு இரண்டு வாரம் தொடர்வதே அதற்குக் காரணம். வட்டமிட்ட நாள்களில் தாராளமாகச் சாப்பிடலாம். வட்டமில்லாத நாளில் போசியைத் திறப்பதில்லை என்று வீட்டோடு முடிவு செய்துகொள்வது, விருந்தன்று ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்ப்பதைவிட எளிது.

2. பரிசோதனையைத் தீபாவளிக்கு முன்பே எடுத்துவிடுதல்

ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று சொல்லப்படும் எச்பிஏ1சி, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகிய ஐந்தும் பெரும்பாலோருக்குப் போதும். தைராய்டு உள்ளவர்கள் டிஎஸ்எச் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்பே எடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எந்தச் சத்து குறைவு என்று தெரியாமல் மாத்திரை வாங்குவது இருட்டில் கைவிட்டுத் துழாவுவது போன்றது. இரண்டாவது, எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதால், ஐப்பசித் தொடக்கத்தில் ஒருமுறையும் தைப்பூசம் முடிந்து ஒருமுறையும் எடுத்தால், இந்தப் பருவம் முழுவதும் நாம் என்ன செய்தோம் என்பது இரண்டு எண்களில் தெரிந்துவிடும்.

இங்கே நேரும் பிழைகள் இரண்டு. பி12 மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதித்தால், உடம்பில் முன்பிருந்த குறைவு அந்த எண்ணில் மறைந்துவிடும். முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், ஆய்வகத்தில் அதைச் சொல்லி, சில நாள்களுக்கு முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டாவது செய்தியை நானாகக் கேட்காதவரை யாரும் சொல்லியதில்லை. அழகுப் பொருள்தானே, மருந்தல்லவே என்று எண்ணிவிடுகிறார்கள்.

3. மாத்திரைப் பட்டியலும் நேரமும்

இந்தப் படியில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. நோம்பி நாளில் எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் எல்லாம் மாறுகின்றன. மாத்திரையும் அவற்றோடு சேர்ந்து இடம் மாறிவிடுகிறது. ஆகவே ஒரு தாளில் இடப்பக்கம் மாத்திரையின் பெயரையும், வலப்பக்கம் அது உணவோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்பதையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி உட்பட எதையும் எடுக்கக் கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகள் அதை உடம்பு ஏற்காமல் தடுப்பதால் அவற்றிற்கும் இதற்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய்க் குளியல், குளித்ததும் வாயில் இனிப்பு, பிறகு காப்பி என்று போகும் வீட்டில், எண்ணெய் தேய்க்க உட்காரும்போதே இந்த மாத்திரையைப் போட்டுவிட்டால், எண்ணெய் ஊறிக் குளித்து முடிப்பதற்குள் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி நல்லது. எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு எடுத்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு ஏற்க உதவும். மலம் கறுப்பது இந்த மாத்திரையின் இயல்பு. குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகும் மாத்திரைகளுள் இதுவும் ஒன்று என்பதால், உறவினர் குழந்தைகள் வீடு நிறைந்திருக்கும் நாள்களில் இதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்ட வேண்டும்.

சர்க்கரைநோய் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போவதைச் ‘சர்க்கரைதான் காரணம்’ என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். எப்போதும் ஒரே அளவில் உண்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

4. சமையலறையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

பலகாரத்தை விடச் சொல்லும் அறிவுரை எங்கள் பக்கத்தில் எடுபடாது, நானும் சொல்வதில்லை. அளவு, எண்ணெய், உண்ணும் வரிசை ஆகிய மூன்றைச் சரிசெய்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இனிப்புப் பலகாரங்களான கச்சாயத்தையும் ஒப்புட்டையும் வழக்கமான அளவில் பாதியாகத் தட்டுங்கள். ‘இரண்டு எடுத்துக்கோங்க’ என்று விருந்தினரை வற்புறுத்தும் நம் பழக்கம் மாறப்போவதில்லை. இரண்டு சிறியவை ஒரு பெரியதற்குச் சமமாக இருக்கட்டும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் செய்தது என்பதால் சர்க்கரைநோய்க்காரர் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. மணத்திலும் சுவையிலும் அது வெள்ளைச் சர்க்கரையை மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பெரும்பகுதியும் அதே சர்க்கரைதான், இரத்தத்திலும் அப்படியே ஏறும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தேக்கரண்டியை 5 கிராம் என்று கொண்டால், மூன்று வேளைக் காப்பிக்கு இரண்டிரண்டு கரண்டி போடுபவர் பலகாரத்தைத் தொடாமலேயே 30 கிராமை எட்டிவிடுகிறார். எனவே வட்டமிட்ட நாளில் காப்பியில் சர்க்கரையை விட்டுவிட்டு அந்தப் பங்கை ஒப்புட்டுக்குக் கொடுப்பது நியாயமான பேரம்.

முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி மறுபடி மறுபடி காய்ச்சக் கூடாது. சூடேறச் சூடேற எண்ணெயில் கெட்ட வேதிப்பொருள்கள் சேர்கின்றன. அவற்றின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரையறுத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. கறுத்தாலும், நுரைத்தாலும், புகைந்தாலும் தள்ளிவிடுங்கள். வாணலியில் எண்ணெயைக் குறைவாக ஊற்றிச் சிறு ஈடுகளாகச் சுட்டால், கடைசியில் மீதமாவதும் குறையும்.

உண்ணும் வரிசையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இலையில் முதலில் விழும் இனிப்பை முதலில் வாயில் போடாமல், பொரியல், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல் போன்றவற்றைச் சில வாய் உண்டபின் சோற்றுக்கும் இனிப்புக்கும் போனால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. நார்ச்சத்தும் புரதமும் வயிற்றில் முன்னதாகச் சேர்வதால் மாவுச்சத்து மெதுவாக இறங்குவதே இதற்குக் காரணம். தீபாவளிக் காலையில் வெறும் வயிற்றில் பலகாரத் தட்டை எடுக்காமல் இட்லி, சந்தகை என்று ஏதேனும் ஒன்றைக் கெட்டியான பயற்றங்குழம்போடு சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவதும் இதே காரணத்திற்காகத்தான்.

5. வட்டமில்லாத நாள்களின் சாப்பாடு

புரதப் பொடி டப்பா வாங்க வருபவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்குச் சொல்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம்.

கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. ஒருவருக்கு 50 கிராம் கொள்ளு என்றால் 11 கிராம் கிடைக்கும். இரண்டு முட்டையில் 12, கால் லிட்டர் பாலில் 8, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 எனச் சேர்த்தால் 38 ஆகிறது. மீதியைக் கம்மஞ்சோறும் அரிசியும் பருப்பும் தந்துவிடும். முட்டை உண்ணாதவர் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ ஒரு வேளை கூட்டிக்கொள்ளலாம். நோயிலிருந்து தேறுபவர், பசியில்லாத முதியவர் ஆகியோருக்கு மருத்துவர் சொன்னால் பொடி வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசுக்குக் கடலைக்காய் வாங்கலாம்.

ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், வாரத்தில் மூன்று நாள் களியோ கூழோ செய்வது பயனுள்ளது. பயறுகளை ஊறவைத்து முளைகட்டினால், அவற்றிலுள்ள இரும்பைப் பிணைத்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது. மார்கழியில் பெருநெல்லி மலிவாகக் கிடைக்கும். சாப்பாட்டோடு ஒன்று கடித்தால், தாவர உணவின் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டு முடித்த கையோடு காப்பி குடித்தால் இந்த உழைப்பெல்லாம் பாதி வீணாகும். ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

பொங்கலை ஒட்டிக் கறி சமைக்கும் வீடுகளில், கறியிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும் வகை என்பதையும் கணக்கில் கொள்ளலாம். அந்த வாரத்தில் இரும்பு டானிக் வேறு வேண்டுமா என்று கேட்டவருக்கு, ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் எந்த வாரத்திலும் வேண்டாம் என்றே சொன்னேன்.

6. சத்து மாத்திரை யாருக்கு, எவ்வளவு

இந்த இடத்திற்கு வரும்போது உங்கள் கையில் பரிசோதனைச் சீட்டும் மாத்திரைப் பட்டியலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

வைட்டமின் டி: 60,000 யூனிட் மாத்திரையைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுவாக வாரத்திற்கு ஒன்று எனக் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அன்றாடத் தேவை 600 யூனிட்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு மாத்திரை நூறு நாள் தேவைக்குச் சமம். இதைத் தினமும் ஒன்றாக விழுங்கி, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாகப் படுத்தவர்கள் உண்டு. அட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி வையுங்கள். கொழுப்பில் கரையும் சத்து ஆதலால் மதியச் சாப்பாட்டோடு எடுப்பது பொருத்தம்.

பி12: விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயல்பாகக் கிடைப்பது இது. பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவினருக்கும், மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும், முதியவருக்கும் குறைவது வழக்கம். ஆனால் கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் கறி உண்ணாததால் மட்டும் பி12 தீர்ந்துவிடாது. இதன் இருப்பு கல்லீரலில் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். மாலை போட்ட மறுநாளே மாத்திரை கேட்டு வரும் இளைஞர்கள் காசை மிச்சப்படுத்தலாம்.

பல சத்துகள் சேர்ந்த மாத்திரை: ஒரே சத்து இரண்டு அட்டைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் மாத்திரைக்குள் வைட்டமின் டி இருக்கும். தனியாகவும் டி வாங்கியிருப்பார்கள்.

மஞ்சள்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் போட்டு உண்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அதிலுள்ள குர்குமின் என்ற பொருளைச் செறிவாக்கி, மிளகின் பைப்பரினையும் சேர்த்துக் குப்பியில் அடைத்து விற்கும் மாத்திரை வேறு விஷயம். உடம்பில் மிக அதிகமாகச் சேரும் அந்த வடிவத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு அபாயமும் கூடலாம். மஞ்சள் மண்டியே ஊரில் இருக்க, வெளியூரிலிருந்து குப்பியில் வாங்குவானேன்!

உணவுச் சத்துப் பொருளாக விற்கப்படும் குப்பியில் 14 இலக்க உரிம எண், காலாவதி நாள், ஒரு மாத்திரையில் எந்தச் சத்து எவ்வளவு என்ற விவரம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம்.

7. விரத நாள்கள்

கந்தசஷ்டியின் ஆறு நாள்களில் சென்னிமலைக்கும் மருதமலைக்கும் போகும் கூட்டத்தில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கணிசமாக இருப்பார்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், உணவை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல எடுத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. விரதத்திற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தோன்றினால் அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாலும் பழமும் மட்டும் உண்ணும் விரதத்தில் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். நான்கு வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் சேர்ந்தால், சாப்பாட்டைவிட அதிகமாகச் சர்க்கரை ஏறிவிடும். ஒரு வேளைக்கு ஒரு பழம், சர்க்கரை சேர்க்காத பால், ஒரு கைப்பிடி ஊறிய கடலை என்று வைத்துக்கொள்ளலாம்.

8. பழனிப் பாதயாத்திரை

தை மாதத்தில் விடியற்காலை குளிர்ந்திருப்பதால் நடப்பவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். பகல் வெயிலில்தான் தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தில் எவ்வளவு நீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவு நீரில் முழுவதையும் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து தீமையே விளையும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால்வலிக்கு வழிநெடுக வலிமாத்திரை விழுங்குவதே நான் மிகவும் அஞ்சும் பழக்கம். நீர் வற்றிய உடம்பில், வெறும் வயிற்றில், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஓய்வும் நீரும் முதல் மருந்து. சர்க்கரைநோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. முள் குத்தியதே அவர்களுக்குத் தெரியாது.

அன்னதானப் பந்தல்களில் கிடைப்பது பெரும்பாலும் சோறாகவே இருப்பதால், பையில் வறுத்த கடலையும் அவித்த பயறும் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தம் வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் சேர்ந்தது. பிரசாதமாக ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொண்டு, டப்பாவை அண்டை வீடுகளுக்கும் பகிர்ந்துவிட வேண்டும்.

9. தை கடைசியில்

எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், தொடக்கத்தில் குறைவாக இருந்த சத்து ஆகியவற்றை மட்டும் மறுபடி பரிசோதியுங்கள். வைட்டமின் டி, இரும்பு மாத்திரைகளுக்கு மருத்துவர் எழுதிய கெடு முடிந்திருந்தால், அட்டையில் மீதி இருக்கிறதே என்பதற்காகத் தொடரக் கூடாது. மீதியை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது. இரண்டு பரிசோதனைச் சீட்டுகளையும் ஒன்றாகப் பின்னடித்து, அடுத்த ஐப்பசிக்கு எடுக்க வசதியாக, ரேஷன் அட்டை வைக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள்.